கம்பியிற் சுழலும் வேகம்

இராயபுரத்திலும் காசிமேட்டிலும் மாலைப்பொழுதில் மாடிமேல் ஏறி நிற்பார்க்கு வானத்தே இரண்டு காட்சிகள் தோன்றும். ஒன்று, துறைமுகத்துக் கிரேன்களின் நெடுங்கழுத்து. மற்றொன்று, பள்ளி விடுமுறை தொடங்கியவுடன், எத்தடையுத்தரவையும் பொருட்படுத்தாது எழும் காற்றாடிகள். காற்றாடியைப் பற்றி இப்பகுதி மாணவர்க்கு எவரும் விளக்கஞ் சொல்ல வேண்டுவதில்லை. அதற்கு உறவுமுறை கூறத்தக்க வேறொரு விளையாட்டு மேனாடுகளிற் பல்லாண்டுகளாக நடைபெற்று வருகின்றது. அதனை அறிந்தார் நம்மிடையே மிகச் சிலர். கையிற் பிடித்த இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகளின் முனையிற் சிறு விமானமொன்றைக் கட்டி, அதனை மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் வட்டமிடச் செய்து, எவர் விமானம் விரைந்ததென்று அளந்து பரிசளிக்கும் பந்தயமே அது. ‘கன்ட்ரோல் லைன்’ என்பது அதன் ஆங்கில வழக்கு. நாம் கம்பி விமானமென்றே ஈண்டு வழங்குவோம்.

விமானமென்னும் சொல் நமக்குப் புதிதன்று. திருவொற்றியூர்க் கோயிலிற் கருவறைமேல் யானையின் முதுகுபோல் வளைந்து நிற்பதும் விமானமே. பாகன் செலுத்தாமலே வானிற் செல்லும் ஊர்தியொன்றைப் புறநானூற்றுப் புலவர் ஒருவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். கம்பி விமானத்திலும் உள்ளே பாகன் இல்லை. ஆயினும் அவன் வேறெங்கும் போய்விடவில்லை; வட்டத்தின் நடுவே, தரையில், கைப்பிடியைப் பற்றியவண்ணம் விமானத்தோடு தானும் சுழல்கின்றான்.

கம்பிகள் ஏன் இரண்டு? இதனை அறிந்தால் விளையாட்டின் பாதியை அறிந்தவராவோம். கைப்பிடியின் மேல்நுனியிலிருந்து ஒரு கம்பியும் கீழ்நுனியிலிருந்து மற்றொரு கம்பியும் புறப்பட்டு விமானத்தின் உள்ளே செல்கின்றன. அங்கே நடுவில் ஓராணியைப் பற்றி ஆடும் சிறு நெம்புகோல் ஒன்று உண்டு. கம்பிகள் அதன் இரு கைகளிலும் பூட்டப்பெறும். பறக்கவிடுவோன் தன் மணிக்கட்டை மேல்நோக்கிச் சாய்த்தால் ஒரு கம்பி இழுபடும், மற்றது தளரும், நெம்புகோல் திரும்பும், அதனோடு பிணைந்த மெல்லிய கோல் வாலிலுள்ள தகட்டை உயர்த்த, விமானம் மேலே ஏறும். கையைத் தாழ்த்தினால் இறங்கும். வலமிடம் திருப்புதற்குக் கருவி ஏதும் வேண்டா. கம்பியே வட்டத்தை வகுத்துவிடுகிறது. வானொலி அலையோ மின்பொறியோ இதில் இல்லை. துலாக்கோலின் தத்துவம் ஒன்றே ஒரு விமானத்தை ஆளுகின்றது.

இவ்வமைப்பைக் கண்டவர் யாரென்பதில் ஒரு வழக்கே நடந்தது. அமெரிக்க நாட்டு ஆரிகன் மாகாணத்துப் போர்ட்லாந்து நகரிற் பொம்மை விமானத் தொழில் நடத்திய ஜிம் வாக்கர் என்பார், 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ‘பயர்பால்’ என்னும் கம்பி விமானத்தை விற்பனைக்குக் கொணர்ந்து, 1942-இல் அம்முறைக்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். பிற கம்பெனிகள் அவருக்குப் பணங்கட்டியே இவ்விமானங்களைச் செய்ய வேண்டியிருந்தது. பின்னர், 1950-களின் நடுவில், அவ்வுரிமை நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. அதே ஆரிகன் மாகாணத்தைச் சேர்ந்த ஓபா செயின்ட் கிளேர் என்னும் இளைஞர், 1930-களிலேயே நெம்புகோல் அமைத்துக் கம்பியில் விமானம் பறக்கவிட்டார் என்பது வெளிப்பட்டமையே காரணம். செயின்ட் கிளேர் அதனாற் செல்வம் ஈட்டியவரல்லர். உலகெங்கும் இளைஞர் கைக்கு இவ்விளையாட்டைக் கொண்டு சேர்த்தவர் வாக்கரே என்பதையும் மறுத்தற்கில்லை. புகழை இருவர்க்கும் பகிர்ந்தளித்தலே நேரிதென்று தோன்றுகிறது.

இனி வேகப்பந்தயத்துக்கு வருவோம். 1905-இல் நிறுவப்பெற்ற உலக விமான விளையாட்டுச் சங்கம் கம்பி விமானப் போட்டிகளைப் பல வகுப்பாகப் பிரித்துள்ளது. வேகத்துக்குரிய வகுப்பின் பெயர் ‘எப் 2 ஏ’. அதன் விதிகளைப் படிக்கும்போது, யாப்பிலக்கணம் படித்த நமக்கு ஒருவகை மகிழ்ச்சி உண்டாகிறது. அடியும் சீரும் அளவிட்டபின் அவ்வெல்லைக்குள் புலவன் தன் ஆற்றலைக் காட்டுவதுபோலவே இங்கும் எல்லாம் அளவிடப்பட்டுள்ளன. யந்திரத்தின் கொள்ளளவு 2.5 கன சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது. கம்பி ஒவ்வொன்றும் 0.4 மில்லிமீட்டருக்குக் குறையாத பருமனுடையதாதல் வேண்டும். வட்டத்தின் ஆரம் 17.69 மீட்டர். இஃதென்ன எண்ணென்று வியப்பார் கணக்கிட்டுப் பார்க்கலாம். இவ்வாரமுடைய வட்டத்தை ஒன்பது முறை சுற்றினால் ஒரு கிலோமீட்டர் நிறைவுறும். அவ்வொன்பது சுற்றுக்கு ஆகும் நேரமே அளக்கப்படுவது. 12 விநாடியிற் சுற்றி முடித்தால் மணிக்கு 300 கிலோமீட்டர். விநாடியில் நூறிலொரு பங்கு தாமதித்தால் வேகம் கால் கிலோமீட்டர் குறைந்துபோம். வெற்றி தோல்வி இத்தகைய நுண்ணிய இடைவெளியிலேயே தங்கியிருக்கிறது.

யந்திரம் எவ்வளவு சிறியது என்பதைத் திருவொற்றியூர் வாசகர்க்கு எளிதில் உணர்த்தலாம். அவ்வூர்த் தொழிற்சாலையிற் பல்லாண்டுகளாகச் செய்யப்பெற்ற புல்லட் மோட்டார் சைக்கிளின் உருளை 350 கன சென்டிமீட்டர் வகுப்பைச் சார்ந்தது. அதன் கொள்ளளவுக்குள் இவ்வேக விமானத்தின் உருளை 140 அடங்கும். ஆனால் இச்சிற்றுருளையின் தண்டு நிமிஷத்துக்கு 40,000 சுற்றுச் சுற்றும். ஒரு விநாடியில் அறுநூறு சுற்றுக்கு மேல் ஆகின்றது. புல்லட்டின் ஒலியில் ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனியே எண்ணிவிடலாம்போல் இருக்கும். இதன் ஒலியோ எண்ணத்தகாத ஒற்றைக் கூச்சல்.

இதற்கு ஊட்டும் எரிபொருள் 100-க்கு 80 பங்கு மெதனால், 20 பங்கு ஆமணக்கெண்ணெய். நம் பாட்டிமார் வயிற்றைச் சுத்தி செய்யப் புகட்டிய அதே எண்ணெய்தான்! மெதனாலோடு நன்கு கலந்து நிற்பதும், பெருஞ்சூட்டிலும் உலோகத்தைப் பற்றி நின்று தேய்வைத் தடுப்பதும் அதன் தனிக்குணங்கள். மெதனாலின் வேறொரு குணத்தைத் தமிழ்நாட்டார்க்கு நினைவூட்டவும் வேண்டுமோ? 2024 ஜூனிற் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் உயிரைக் குடித்தது அது. ஆதலின் விளையாட்டுக் கூடத்திலும் அது பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டிய பொருளே. மெதனாலைக் கொளுத்துவதற்கு மின்பொறி தேவையில்லை. 1947-இல் ரே ஆர்டன் என்னும் அமெரிக்கர் சந்தைக்குக் கொண்டுவந்த செருகி ஒன்று உண்டு. அதிலுள்ள பிளாட்டினச் சுருளைப் புறப்படும்போது மட்டும் பாட்டரியாற் சிவக்கச் செய்வர். பின்பு மெதனால் ஆவி படுதலாலேயே சுருள் தொடர்ந்து கனன்றுகொண்டிருக்கும். பாட்டரியையும் சுருட்கம்பிகளையும் சுமந்து பறந்த விமானங்கள் அன்று முதல் அப்பாரத்தை இறக்கிவைத்தன.

புகைபோக்கியின் கதை இன்னும் சுவையானது. 1960-களிற் பில் விஸ்னியூஸ்கி என்னும் அமெரிக்க வீரர், நீளம் அளந்து செய்த குழாயொன்றைத் தம் வேக விமானத்தின் புகைவாயிலிற் பொருத்தி உலகப்போட்டிக்கு வந்தார். உருளையை விட்டுப் புறப்படும் அழுத்த அலை குழாயின் கடையில் மோதித் திரும்பி வருகிறது. அது திரும்பும் கணமும் புகைவாயில் மூடும் கணமும் ஒன்றுபட்டால், வெளியே நழுவவிருந்த புதுக்கலவையை அவ்வலையே உள்ளே தள்ளிவிடும். குழாய் ஒரு விரற்கிடை கூடினாலும் குறைந்தாலும் இப்பொருத்தம் கெடும். ஆலயத்து ஆர்கன் வாத்தியத்தில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வோர் அளவுக் குழாய் இருத்தலைக் கண்டார்க்கு இது விளங்காமற் போகாது. யந்திரத்தின் சுற்றும் குழாயின் நீளமும் இசைந்த கணத்தில் ஒலி சட்டென்று ஒருபடி உயரும் என்றும், அவ்வுயர்ச்சியைக் கேட்டபிறகே வீரன் தன் அளவோட்டத்துக்கு ஆயத்தமாவான் என்றும் கூறுவர்.

விமானத்தின் வடிவமோ, காண்பார் முதலில் நகைக்கத்தக்கது. அதற்கு இறக்கை ஒருபுறமே உண்டு. அதுவும் கம்பி செல்லும் உட்புறம். மறுபுறம் மொட்டை. முன்னே சுழலும் விசிறிக்கும் அலகு ஒன்றே. மற்றொரு பக்கம் சமனுக்காகச் சிறு பாரம் மட்டும் வைத்திருப்பர். சக்கரங்கள் இல்லை. சிறு வண்டிமேல் ஏறி ஓடி, எழுந்தவுடன் வண்டியைக் கீழே விட்டுவிட்டு, இறங்கும்போது வயிற்றினால் தரையில் வழுக்கி நிற்கும். ஒவ்வொன்றும் காற்றின் எதிர்ப்பைக் குறைத்தற்கு விட்டொழித்த உறுப்பு. இத்தனையும் துறந்த விமானத்தாலும் துறக்கவொண்ணாத சுமை ஒன்று உளது. அது கம்பி. நீளத்தையும் பருமனையும் பெருக்கினால் இரு கம்பிகளும் காற்றுக்கு எதிரே காட்டும் பரப்பு ஏறக்குறைய 140 சதுர சென்டிமீட்டர், அதாவது ஒரு சிறு புத்தகத்தின் பக்கமளவு. கண்ணுக்குத் தெரியாத கம்பிதான் விமானத்தைப் பெரிதும் தடுத்து நிறுத்துவது. கம்பி மெலிந்தால் வேகம் மிகும். அதனாலேயே, ‘இதற்குமேல் மெலியலாகாது’ என்று விதி குறுக்கே நிற்கின்றது.

ஏன் மெலியலாகாது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்வோம். வட்டமாகச் சுழலும் பொருள் வெளிநோக்கி இழுக்கும் இழுப்பு, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வது. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவைச் சேர்ந்த நண்பரொருவர் பழகு விமானமொன்றை மைதானத்திற் பறக்கவிட்டபோது நாமும் கைப்பிடியைச் சிறிது நேரம் பற்றினோம். கன்றுக்குட்டி கயிற்றை இழுப்பதுபோல் இருந்தது. அவ்வகை விமானம் 15 மீட்டர்க் கம்பியில் மணிக்கு 80 கிலோமீட்டர் சென்றால், தன் எடையைப்போல் மூன்றரை மடங்குதான் இழுக்கும். 300 கிலோமீட்டர் வேகத்திலோ இழுப்பு எடையைப்போல் நாற்பது மடங்காகிறது. விமானம் அரைக் கிலோ எனக் கொண்டால் கையில் 20 கிலோ! அரிசி மூட்டையொன்றை ஒரு கையில் தாங்கியவாறு, ஒன்றேகால் விநாடிக்குச் சற்று அதிகமான நேரத்தில் ஒருமுறை வீதம் சுற்றிக்கொண்டிருப்பதற்கு இஃது ஒக்கும். அக்கணத்திற் கம்பி அறுந்தால் விமானம் கவணினின்று விடுபட்ட கல்லாகும். விநாடிக்கு 83 மீட்டர் நேரே பாயும். கோலியாத்தை வீழ்த்திய கல் இத்துணை விரைந்திராது.

இவ்வாபத்தை அவ்விளையாட்டினர் மறைக்கவில்லை. அதைச் சுற்றியே தங்கள் சட்டங்களை எழுதினர். பறக்குமுன் கம்பியையும் கைப்பிடியையும் விமானத்தோடு சேர்த்து, எடையைப்போற் பல மடங்கு விசையால் நடுவர் முன்னிலையில் இழுத்துச் சோதிப்பர். கைப்பிடி நழுவினாலும் விமானம் ஓடிவிடாதபடி மணிக்கட்டில் ஒரு வார் பிணைக்கப்படும். வட்டத்தைச் சூழ உயர்ந்த வலைவேலி நிற்கும். காண்போர் அதற்கு அப்பால். வட்டத்தின் நடுவே ஒரு கம்பமும், அதன் தலையில் ஒரு கவையும் உண்டு. விமானம் முழுவேகம் பெற்றவுடன் வீரன் தன் கையை அக்கவையில் வைத்துவிடவேண்டும். அதன்பின் சுற்றியவையே கணக்கிற் சேரும். முற்காலத்திற் சிலர் கையை விமானத்துக்கு முன்னே முன்னே கொண்டுசென்று, சாட்டை வீசுவதுபோல் அதனை இழுத்து, யந்திரத்துக்கு இல்லாத வேகத்தைத் தம் தோளினால் தந்தனர். கவை வந்தபின் தோளின் வேலை ஒழிந்து யந்திரத்தின் வேலையே மிஞ்சிற்று. மனிதர் கூடி ஆடும் எவ்விடத்தும் கள்ளம் முன்னே வர விதி பின்னே வருதல் வியப்பன்று.

இப்பொழுது நம் காற்றாடியை நினைப்போம். இங்கும் நூலின் முனையில் ஒரு பறக்கும் பொருள், இங்கும் போட்டி, கையின் நுட்பமும் காற்றின் அறிவும் இங்கும் வேண்டும். ‘டீல்’ விடுவதில் வல்ல காசிமேட்டுப் பையனின் விரல், நூலின் இழுப்பை எந்தக் கம்பி விமான வீரனுக்கும் குறையாமல் அறிந்ததே. வேற்றுமை ஒன்றே. அங்கே நூல் பொருளை ஆள்வதற்கு. இங்கே நூலே படைக்கலம். கண்ணாடித் தூளும் வச்சிரமும் பூசிய மாஞ்சா, எதிரியின் நூலை அறுப்பதற்கென்றே ஆனது. அறுந்த காற்றாடி எங்கோ போய் விழ, அதன் நூல் தெருவுக்குக் குறுக்கே கண்ணுக்குத் தெரியாமற் கிடக்கிறது. வலைவேலி இல்லை, நடுவர் இல்லை, காண்போரும் காணாதோரும் வட்டத்தின் உள்ளேயே இருக்கிறார்கள். 2019 நவம்பரிற் கொருக்குப்பேட்டைப் பக்கத்தில், பெற்றோருடன் மோட்டார் சைக்கிளிற் சென்ற மூன்று வயதுக் குழந்தையொன்று மாஞ்சா நூல் கழுத்தை அறுக்க மாண்டது. நைலான் முதலிய செயற்கை மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையிலேயே நாடெங்கும் விலக்கியிருந்தது. சென்னைப் போலீசாரின் தடையுத்தரவுகளும் இருந்தன. குழந்தைக்கு அவை உதவவில்லை.

தடை வேண்டியதே, ஐயமில்லை. ஆயினும் ஒருவன் கையிலிருந்து நூலைப் பறிப்பதனால் அவன் விரலிலுள்ள வித்தையும், மற்றவனை வானத்தில் வெல்லவேண்டுமென்னும் வேட்கையும் போய்விடுவதில்லை. அவ்வேட்கைக்கு ஒரு வட்டம் வகுத்துக் கொடுக்கலாமென்பதே நம் எண்ணம். கம்பி விமானங்களில் ‘எப் 2 டி’ என்னும் போர்வகுப்பு ஒன்றுண்டு. அஃது ஏறக்குறைய நம் டீலேதான். ஒரே வட்டத்தில் இருவர் நின்று இரு விமானங்களைப் பறக்கவிடுவர். ஒவ்வொரு விமானத்தின் பின்னும் நீண்ட காகித வாலொன்று கட்டியிருக்கும். எதிரியின் காகித வாலைத் தன் விமானத்தின் விசிறியால் துணித்தவனுக்கு, துணித்த முறை எண்ணிப் புள்ளி. அறுபடுவது காகிதமே, நூலன்று. விமானங்கள் மோதிக் கம்பியே அறுந்துபோவதும் உண்டு. அதற்கும் வழி வகுத்தனர். இழுப்பு இல்லாதொழிந்தவுடன் எரிபொருளைத் தானே அடைத்து யந்திரத்தை நிறுத்தும் சிறுகருவி ஒவ்வொரு போர்விமானத்திலும் இருத்தல் வேண்டும். நூல் அறுமென்று முன்னறிந்து, அறுந்தபின் என்னாகுமென்பதையும் எண்ணிய விளையாட்டு அது.

நம் பகுதியில் இதற்கு இடமுண்டோ என்று கேட்பார் உளர். வட்டத்துக்கும் வேலிக்கும் சேர்த்து ஐம்பது மீட்டர்ச் சதுரம் போதும். பந்தாட்ட மைதானத்தின் பாதியில் அடங்கிவிடும். வேகவகுப்பு விலைமிகுந்தது, அதன் யந்திரங்களைச் செய்வோரும் உலகிற் சிலரே, தொடக்கத்திலேயே அதற்கு ஆசைப்படுதல் வீண். பழகு விமானத்துக்குத் தேவையானவை பால்சாப் பலகையும், பசையும், சிறு யந்திரமும், பொறுமையுமே. தேசிய மாணவர் படை 1948-இல் தோன்றி, அதன் விமானப் பிரிவு 1950-இல் தொடங்கியது. அதன் மாணவர்க்கு மாதிரி விமானக் கல்வி பயிற்சியின் ஒரு பகுதி. அனைத்திந்திய வாயு சைனிக் முகாமிற் கம்பி விமானமும் போட்டியில் இடம்பெறுகின்றது. லேத்துப் பட்டறைகளுக்கும் கடைசல் தொழிலாளர்க்கும் எண்ணூர் முதல் இராயபுரம் வரை குறைவில்லை. சிறு யந்திரத்தின் தேய்ந்த தண்டைப் பார்த்தவுடன் எத்தனை மைக்ரான் போயிற்றென்று சொல்லும் பெரியவர்கள் இத்தெருக்களில் இருக்கிறார்கள். காற்றாடி நூல் பிடித்த விரல்களும் இருக்கின்றன. இவ்விருவரையும் ஒருவரோடொருவர் பேசவைக்கும் இடந்தான் இல்லை.

இடம் தேர்வதில் ஒரு செய்தியை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். எண்ணூர்ப் பக்கத்து வெளிகளில் மின்நிலையங்களினின்று புறப்படும் உயரழுத்தக் கம்பிகள் தலைக்குமேல் எங்கும் ஓடுகின்றன. விமானக் கம்பி எஃகு. மின்கம்பியை அது தீண்டினால், மின்சாரம் நேரே கைப்பிடிக்கு வந்துவிடும். மின்கம்பி கண்ணுக்குப் படும் தொலைவில் உள்ள எவ்வெளியையும் விலக்கிவிடுவதே முறை. இடிமேகம் திரண்ட நாளிலும் கைப்பிடியைத் தொடலாகாது. இவ்விரண்டையும் விலக்கினால், பெரிய பள்ளிகளின் சுவருக்குள் இருக்கும் மைதானங்களே தக்கவை.

புதிதாகப் பழகுவோர்க்கு முதல் இடையூறு யந்திரமன்று, தலைச்சுற்றல். நான்கைந்து சுற்றில் வானமும் தென்னைகளும் பின்னோக்கி ஓடத் தொடங்கும். மைதானத்தையோ நண்பரையோ பாராமல் விமானத்தின்மேலேயே கண்ணை ஊன்றி நிற்பதே அதற்கு மருந்து. பத்துப் பதினைந்து பறப்புக்குப்பின் அது தானே நீங்கும். எரிபொருள் தீர்ந்து யந்திரம் அடங்கியதும் இழுப்பு மெல்லக் குறையும். அப்போது ஓரடி பின்வாங்கிக் கம்பியை விறைப்பாகவே வைத்திருந்தால், விமானம் புல்லின்மேல் தானாக வந்து படியும்.